அரியலூர்ப் புதைபடிவங்களைப் பையில் அள்ளி வருவது குறித்து, சுற்றுலா ஏற்பாட்டுக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து திருச்சி, அரியலூர், கங்கைகொண்ட சோழபுரம் வட்டாரத்துக்குக் குடும்பச் சுற்றுலா ஒன்றை அறிவித்து நீங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையை முழுவதும் படித்தேன். அதில் ‘கவச டைனோசர் பூமி’ என்ற தலைப்பில் அரியலூர்ப் பாறைகளைப் பார்க்கப் போவதாகவும், ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த புதைபடிவங்களை நினைவுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்றும், அதற்காகச் சிறு சுத்தியலும் துணிப்பையும் கட்டணத்திலேயே சேர்த்துத் தரப்படும் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சுற்றுலா நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தச் சுத்தியலும் பையும் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். செயற்குழுக் கூட்டத்தில் வாய்மொழியாக எடுத்துச் சொல்லியும் சுற்றறிக்கை அப்படியே வெளிவந்துவிட்டதால், உறுப்பினர்கள் அனைவரும் படிக்கும்படி திறந்த மடலாக எழுத வேண்டியதாயிற்று.

நான் புவியியல் அறிஞன் அல்லன். சிங்கப்பூரில் கட்டடம், சுரங்கப்பாதை எழுப்புவதற்கு முன்னால் நிலத்தைத் துளையிட்டுப் பார்க்கும் மண் ஆய்வுப் பணியில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. துளையிலிருந்து வெளிவரும் பாறைத்தண்டை நீளமான மரப்பெட்டியில் மேலிருந்து கீழ் என்ற வரிசை மாறாமல் அடுக்கி, ஒவ்வொரு ஓட்டத்தின் (ஒரு தடவை துளைத்துத் தண்டை வெளியே எடுப்பதன்) முடிவிலும் ஒரு மரத்துண்டை வைத்து, அதில் ஆழத்தை மார்க்கர் பேனாவால் எழுதி, பெட்டியைப் படமெடுத்த பிறகுதான் அடுத்த ஓட்டத்துக்குப் போவோம். ஃபோர்ட் கேனிங் குன்றைச் சுற்றிய பகுதியில் கெட்டிக் களிமண்ணுக்குள் பெரும் பாறாங்கற்கள் புதைந்து கிடக்கின்றன. துளைக்கருவி அவற்றில் ஒன்றைத் தொட்டதும் அடித்தளப் பாறை வந்துவிட்டதென்று தோன்றும்; இன்னும் இறங்கினால் மறுபடியும் களிமண் வரும். கையில் இருக்கும் கல் துண்டை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அது பாறாங்கல்லா அடித்தளமா என்று சொல்ல முடியாது. அதற்கு மேலும் கீழும் என்ன இருந்தது என்ற வரிசைதான் அதைச் சொல்லும். பெட்டி சரிந்து தண்டுகள் கலந்துபோனால் எந்தப் பொறியாளரும் அதை ஏற்கமாட்டார். மறுபடி துளையிடச் சொல்வார். எங்களுக்காவது மறுபடி துளையிட வழி இருக்கிறது. அரியலூரில் ஒரு குழந்தை எடுத்துவிட்ட எலும்புக்கு அந்த வழியும் இல்லை.

சென்ற சுற்றுலாவில் நானும் உங்களோடு வந்திருந்தேன். காரை என்ற ஊரின் அருகே பேருந்து நின்றதும் எல்லாரும் அந்தச் செம்மண்ணும் சாம்பல் களிமண்ணும் மாறிமாறிக் கிடக்கும் ஓடைக் காட்டுக்குள் இறங்கினோம். மழைநீர் அரித்த சரிவுகளில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லு போல வெயிலில் மின்னின. கணவாய் மீனின் பழைய உறவினமான பெலம்னைட்டின் விரல் போன்ற கூர்முனைகள் காலடியில் கிடந்தன. பிள்ளைகள் குதூகலித்தார்கள், பெரியவர்கள் அவர்களைவிட அதிகமாகக் குதூகலித்தார்கள். அங்கே அள்ளியது ஒரு பை. கருடமங்கலத்தில் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் தட்டி எடுத்தது இன்னொரு பை. அன்றிரவு திருச்சி விடுதியில் எடை அதிகமாகிவிடும் என்று எல்லாப் பைகளையும் வரவேற்பறைத் தரையில் கொட்டி, ‘நல்லதை’ மட்டும் பொறுக்கி, மீதியை விடுதித் தோட்டத்து ஓரத்தில் குவித்துவிட்டு வந்தார்கள். அந்தக் கணத்தில் எது காரையின் கல், எது கருடமங்கலத்தின் கல் என்ற செய்தி அழிந்துபோனது. யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நடந்தது அதுதான்.

அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு பேருந்தில் சிறிது நேரப் பயணம்; காலத்திலோ அது பல இலட்சம் ஆண்டுகள். இந்தியா அந்தாட்டிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் நிலம் பிளந்து இறங்கி உருவானதுதான் காவிரிப் படுகை. அந்தப் பள்ளத்தில், டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியஸ் காலத்தில், கடல் பலமுறை உள்ளே வந்து பலமுறை பின்வாங்கியது. வந்தபோதெல்லாம் சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்தன. மேற்கே நைஸ் எனப்படும் பழைய உருமாறிய பாறைகளின் ஓரத்தில் ஊட்டத்தூர்த் தொகுதி. அதற்குக் கிழக்கே, அதன் மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி. அதற்கும் மேல் அரியலூர்த் தொகுதி. பிறகு டைனோசர்கள் அழிந்த எல்லையைத் தாண்டிய நின்னியூர்ப் படிவுகள். அடுக்குகள் மெல்லக் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் சில கோடி ஆண்டுகளைக் கடந்து நடக்கிறார். 1862 இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு இந்த மூன்று தொகுதிகளையும் பிரித்து எழுதியது இன்றைக்கும் அடிப்படை. கல்லக்குடி என்றதும் நம்மவர்களுக்கு 1953 ஆம் ஆண்டு இரயில் மறியல்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் பவளப்பாறை வளர்ந்த ஒரு கடலின் ஓரம் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? உங்கள் சுற்றறிக்கையில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுத்தியல் மட்டும் இருக்கிறது.

நீங்கள் தலைப்பில் போட்டிருக்கும் கவச டைனோசருக்கு வருகிறேன். 1979 இல் யாதகிரியும் அய்யசாமியும் திருச்சிராப்பள்ளித் தொகுதியின் கோனியாசியன் காலப் படிவிலிருந்து, அதாவது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையிலிருந்து, ஒரு விலங்கை விவரித்து அதற்கு ‘திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’ என்று பெயரிட்டார்கள். ஒரு மண்டையோட்டின் பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், முதுகுத் தகடு, முள் ஆகியவை கிடைத்தன என்றும், இது முதுகில் தகடுகள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெகோசார் இனம் என்றும் எழுதினார்கள். உலகின் மற்ற இடங்களில் ஸ்டெகோசார்கள் கிரெட்டேசியஸின் முற்பாதியிலேயே மறைந்துவிட்டன. அப்படியென்றால் தனித்தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் மட்டும் அந்த இனம் நெடுங்காலம் தப்பிப் பிழைத்திருந்தது என்று பொருளாகும். சின்ன விஷயமா அது?

ஆனால் அது கடலில் படிந்த பாறை. சுருள் ஓடுடைய கடலுயிர்களான அம்மோனைட்டுகள் வாழ்ந்த கடல். 1996 இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும், களத்தைப் போய்ப் பார்த்த பிறகு, அந்த எலும்புகள் டைனோசருடையவை அல்ல, கடல் ஊர்வனவான பிளிசியோசாருடையவை என்று எழுதினார்கள். மண்டையோடும் தகடும் பிளிசியோசாரோடு பொருந்தவில்லை என்று ஸ்டெகோசார்களை ஆய்ந்த பீட்டர் கால்டன் போன்றவர்கள் மறுத்தார்கள். நிலத்து விலங்கின் உடல் ஆற்றில் அடித்துவரப்பட்டுக் கடலில் மூழ்கியதா, அல்லது முதலிலேயே அது கடல் விலங்குதானா என்ற வழக்கைத் தீர்க்க இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, பழைய எலும்புகளைத் திரும்ப ஆராய்வது. மற்றொன்று, அதே படிவில் இன்னும் எலும்பு கிடைப்பது, அதுவும் எந்த அடுக்கில், எந்தத் திசையில், எதனருகில் கிடந்தது என்ற பதிவோடு கிடைப்பது. அந்த இரண்டாவது வழியைத்தான் நம் துணிப்பை அடைக்கிறது. அந்த இடத்துச் சிற்றூரின் பெயரை நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது, சுற்றறிக்கையில் வேண்டாம்.

கிடந்த விதம் எவ்வளவு பேசும் என்பதற்குக் கவச டைனோசர்களிலேயே மிகச் சிறந்த சான்று கனடாவில் இருக்கிறது. 2011 மார்ச் 21 அன்று ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் மெக்மரி அருகே எண்ணெய் மணல் சுரங்கம் ஒன்றில் மண்வாரி இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த ஷான் ஃபங்க் என்ற தொழிலாளி, மற்ற பாறையைவிடக் கடினமாகவும் வேறு நிறமாகவும் ஒரு கட்டியைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தினார். அந்த மாகாணத்தில் புதைபடிவம் கண்டால் நிறுவனம் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். ராயல் டிரெல் அருங்காட்சியகத்தார் வந்து பார்த்தார்கள். சுற்றிலும் இருந்தது ஏறத்தாழ 11 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்படிவு. ஆகவே கடல் ஊர்வன ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள். கிடைத்ததோ சுமார் ஐந்தரை மீட்டர் நீளமும் உயிரோடு இருந்தபோது 1,300 கிலோ எடையும் இருந்திருக்கக்கூடிய நிலத்து விலங்கு. தோலில் முளைத்த எலும்புத் தகடுகள் வரிசை கலையாமல், அவற்றின் மேலிருந்த நகம் போன்ற உறையோடும், இடையே தோலின் செதில்களோடும் அப்படியே இருந்தன. மார்க் மிட்செல் என்ற நுட்பப் பணியாளர் ஏறத்தாழ 7,000 மணி நேரம் செலவிட்டுப் பாறையை நீக்கினார். 2017 இல் அதற்கு ‘பொரியலோபெல்டா மார்க்மிட்செல்லி’ என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

பாறையைப் பொறுமையாக நீக்கிய ஒருவரின் பெயரால் ஒரு டைனோசர் அழைக்கப்படுவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் இங்கே நான் சொல்ல வருவது அந்தப் பாறையைப் பற்றி. செத்த உடல் வீங்கி ஆற்றோடு கடலுக்கு மிதந்துபோய், வெடித்து, முதுகு கீழாகக் கடலடிச் சேற்றில் இறங்கியது. விரைவிலேயே அதைச் சுற்றி இரும்புச் சத்துள்ள சிடரைட் கனிமம் உறைந்து கெட்டியான உறையாகிவிட்டதால்தான் கவசம் நசுங்காமல் தப்பியது. இதை எலும்பு சொல்லவில்லை. எலும்பைச் சூழ்ந்த பாறைதான் சொன்னது. வயிற்றுப் பகுதியில் இருந்த கடைசி உணவை 2020 இல் ஆராய்ந்தபோது, பெரும்பாலும் பெரணி இலைகளும், அவற்றோடு கரித்துண்டுகளும் கிடைத்தன. காட்டுத்தீ எரிந்த இடத்தில் புதிதாகத் துளிர்த்ததை மேய்ந்திருக்கலாம் என்றும், வசந்தத்தின் பிற்பகுதிக்கும் கோடையின் நடுவுக்கும் இடையே செத்திருக்கும் என்றும் கணித்தார்கள். யாராவது ஒருவர் அழகான தகடுகளை மட்டும் பெயர்த்து எடுத்து, ‘மீதி வெறும் கல்தானே’ என்று விட்டிருந்தால் இவற்றில் ஒன்றாவது தெரிந்திருக்குமா?

இன்னொன்றையும் சொல்கிறேன். ஆல்பர்ட்டாவில் கிடைத்த கவச டைனோசர்கள் பெரும்பாலும் மல்லாந்தே கிடக்கின்றன என்று முன்பிருந்தே பேச்சு இருந்தது. ஜோர்டன் மாலனும் உடன் ஆய்வாளர்களும் பழைய களக்குறிப்புகளையும் படங்களையும் தேடி எடுத்து எண்ணிப் பார்த்து 2018 இல் வெளியிட்டார்கள். 36 விலங்குகளில் 26 வயிறு மேலாகக் கிடந்திருக்கின்றன. மேட்டில் உருண்டனவா, தின்ற விலங்குகள் புரட்டினவா, மிதந்தபோது கவிழ்ந்தனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, வீங்கிய உடல் நீரில் கவிழும் என்பதே மிகப் பொருந்துகிறது என்று முடிவு செய்தார்கள். அந்த ஆய்வுக்குக் கச்சாப்பொருள் எலும்புகூட அல்ல; பல பத்தாண்டுகளுக்கு முன்பு யாரோ குறித்துவைத்த ‘மல்லாந்து கிடந்தது’ என்ற குறிப்புதான். திராவிடோசாரஸ் வழக்கும் கடலில் கிடந்த நிலத்து விலங்கைப் பற்றிய வழக்குதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

குறிப்பும் பாதுகாப்பும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூரே சான்று. கல்லமேட்டுப் படிவில் கிடைத்த ‘புருகத்காயோசாரஸ்’ என்ற விலங்கை அதே யாதகிரியும் அய்யசாமியும் 1980களில் விவரித்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பே 2 மீட்டர் நீளம் என்றார்கள். முதலில் ஊன்தின்னி என்று கருதப்பட்டது, பிறகு நெடுங்கழுத்துச் சாரோபாடு என்று கொள்ளப்பட்டது. அது எலும்பே அல்ல, கல்லாகிய மரம் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. எடுத்துச் சோதிக்கலாம் என்றால் எலும்பு இல்லை. நீர் ஊறிய களிமண்ணில் கிடந்த அது, வெளியே எடுத்ததும் நொறுங்கத் தொடங்கி இல்லாமலே போய்விட்டது. அகழ்ந்தபோது எடுத்த பழைய படங்கள் 2022 இல் வெளியிடப்பட்ட பிறகுதான் பலரும் அதை மீண்டும் கருத்தில் கொண்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்று என்று பேசப்படும் உயிருக்கு இன்று எஞ்சியிருப்பவை சில படங்களும் எழுத்தும்தான். அதே கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைச் சிறு பல், ட்ரூடான்டிட் என்ற சிறு ஊன்தின்னி டைனோசருடையது என்று 2013 இல் கோஸ்வாமியும் மற்றவர்களும் அறிவித்தார்கள். இந்தியாவில் அந்த இனத்துக்கு முதல் சான்று அது. சுண்டுவிரல் நகத்தளவு பொருள்கூட அறிவியலுக்கு வேண்டியது என்னும்போது, ‘சின்னக் கல்தானே, பிள்ளை ஆசைப்படுகிறான்’ என்ற வாதம் எங்கே நிற்கும்?

இனி, சென்ற ஆண்டு சமூக மன்றத்தில் நடந்த நிதிதிரட்டு விழா. சுற்றுலாவில் எடுத்துவந்த அம்மோனைட்டுகளை வெல்வெட் துணியில் அடுக்கி, ஒன்றுக்கு இத்தனை சிங்கப்பூர் வெள்ளி என்று விலை ஒட்டி விற்றீர்கள். திரட்டிய பணம் மாணவர் உதவிக்குத்தான் போனது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மேசையின் நடுவில் தேங்காய் அளவு உருண்டைக் கல் ஒன்றை வைத்து, ‘டைனோசர் முட்டை’ என்று அட்டை எழுதியிருந்தீர்கள். அதன் ஒரு பக்கம் உடைந்திருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தேன். முட்டை ஓட்டின் மெல்லிய அடுக்கோ மேற்பரப்பின் நுண்துளைகளோ அதில் இல்லை. நடுவில் சிப்பித் துணுக்கு ஒன்று, அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல மஞ்சளும் பழுப்புமாகப் படலங்கள். படிவுக்குள் கனிமம் ஒரு கருவைச் சுற்றி உறைந்து உருவாகும் கன்கரிஷன்தான் அது. அரியலூர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட உருண்டைகள் ஏராளம். அட்டையை எடுக்கச் சொன்னேன். ‘பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்க வேண்டாம்’ என்றார்கள். அன்று அந்தக் கல்லோடு படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் பலர் அதை முட்டை என்றே இன்றும் நம்புகிறார்கள். அறிவியலைச் சொல்லித் தருகிறோம் என்று உறுப்பினர்களிடம் கட்டணம் வாங்கும் அமைப்பு இப்படிச் செய்யலாமா?

என் கருத்துக்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிகளை நான் அறிவேன். முதலாவது, சிமெண்ட் ஆலைகள் அந்தச் சுண்ணாம்புக்கல்லை எப்படியும் வெட்டி அரைத்துவிடுகின்றன, நாம் நாலு கல்லைக் காப்பாற்றினால் என்ன என்பது. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அரியலூர் மாவட்டம் சிமெண்டுக்குப் பெயர் போனது. சுரங்கங்கள் விழுங்கிய படிவுகள் கொஞ்சமல்ல. அதே நேரத்தில், அந்தச் சுரங்க முகங்கள்தான் அடுக்குகளைச் செங்குத்தாகத் திறந்து காட்டியிருக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. ஆய்வாளர்கள் பலர் வேலை செய்வதே அங்கேதான். சுரங்கத்தில் அழியப்போகும் ஒன்றைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, உரியவரிடம் ஒப்படைத்தால் அது காப்பாற்றுவது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்து வீட்டு அலமாரியில் வைத்தால், அறிவியலைப் பொறுத்தவரை அது அரைபட்டதற்குச் சமம்தான்.

இரண்டாவது, சட்டம் தடுக்கவில்லையே என்பது. 2022 இல் இந்தியச் சுரங்க அமைச்சகம் புவிமரபுத் தலங்களையும் புவி எச்சங்களையும் காப்பதற்கான வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. தனிச் சட்டம் தேவை என்று அந்த நாட்டு அரசே உணர்ந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. சட்டத்தில் ஓட்டை இருக்கும் வரை அள்ளிக்கொள்வோம் என்று ஒரு பண்பாட்டு அமைப்பு பேசுவது அழகல்ல. மேலும் நாம் நடந்த நிலங்கள் யாரோ ஒருவருடைய பட்டா நிலமாகவோ, குத்தகைச் சுரங்கமாகவோ, ஊர்ப் பொறம்போக்காகவோதான் இருந்திருக்க வேண்டும். யாரிடமும் நாம் அனுமதி கேட்கவில்லை. பூந்தோட்டத்தில் ஒரு செடியைப் பிடுங்கினாலே அபராதம் என்று பழகிய ஊரிலிருந்து போன நாம், அங்கே இறங்கியதும் எப்படி மாறினோம் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, பிள்ளைகள் கையில் எடுத்தால்தானே ஆர்வம் வரும் என்பது. எடுக்கட்டும், தடவட்டும், பார்த்த இடத்திலேயே திரும்ப வைக்கட்டும். ஆர்வம் உடைமையால் வரும் என்பதை நான் ஏற்கவில்லை. சிங்கப்பூரின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பிரின்ஸ், அப்போலோனியா, ட்விங்கி என்ற மூன்று நெடுங்கழுத்து டைனோசர்களைப் பார்த்துவிட்டு வாய் பிளந்து நிற்காத பிள்ளை உண்டா? அவற்றில் ஒரு விரலெலும்பைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அவை அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் டென் ஸ்லீப் அருகே ஒரே அகழிடத்தில், 15 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையில், பக்கம் பக்கமாகக் கிடைத்தவை. பெரியவை இரண்டும் சிறியது ஒன்றுமாக ஒரே இடத்தில் கிடைத்ததனால்தான் அவை ஒரு குடும்பமாக இருந்திருக்கலாமோ என்ற கேள்வியே எழுந்தது. மூன்றும் மூன்று வீட்டு அலமாரிகளுக்குப் போயிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

ஆகவே குழுவினரிடம் நான் கேட்பவை இவை. டிசம்பர் சுற்றுலாவுக்கான பதிவு முடிவதற்குள் திருத்திய சுற்றறிக்கை ஒன்றை அனுப்புங்கள். அதில் சுத்தியல், பை, நினைவுப் பொருள் ஆகிய மூன்றும் இருக்கக் கூடாது. பதிவு செய்துவிட்டவர்களில் எவரேனும் இதனால் விலக விரும்பினால் கட்டணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுங்கள். ‘கவச டைனோசர் பூமி’ என்ற தலைப்பை வைத்துக்கொள்வதானால், திராவிடோசாரஸ் இன்னும் வழக்கில் இருக்கும் விலங்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகளுக்கு முடிந்த செய்தியைவிட முடியாத வழக்கு சுவையாகவே இருக்கும். களத்துக்குப் போகும் நாளில் திருச்சி வட்டாரக் கல்லூரி அல்லது பல்கலைக்கழகம் ஒன்றின் புவியியல் துறையிலிருந்து ஒருவரை முறையாக மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். நிலத்துக்குரியவரிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள். அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமும் இருக்கின்றன. சுத்தியலுக்கு ஒதுக்கிய நேரத்தை அந்த இரண்டுக்கும் ஒதுக்கலாம்.

சென்ற முறை எடுத்துவந்தவற்றைப் பற்றியும் கேட்கிறேன். விற்றவை, வைத்திருப்பவை எல்லாவற்றையும் திருப்பித் தரும்படி உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்புங்கள். அன்று எல்லாரும் கைப்பேசியில் படமெடுத்தார்கள். படங்களில் நேரமும் பலவற்றில் இடமும் பதிவாகியிருக்கும். கல்லையும் படத்தையும் பொருத்திப் பார்த்தால் சிலவற்றுக்காவது இன்ன சரிவில் எடுத்தது என்று சொல்லிவிட முடியும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாலை நேரங்களில் சங்க அறையில் ஒரு மேசையும், உதவிக்கு இளையர் இருவரும் போதும். பட்டியல் முடிந்ததும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கும் குழுவின் பெயரில் எழுதி, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படையுங்கள். அதுவரை ஒரு கல்லையும் விற்காதீர்கள், பரிசளிக்காதீர்கள், மெருகேற்றக் கொடுக்காதீர்கள். அலுவலகக் கண்ணாடிப் பேழையில் இன்னும் இருக்கும் அந்த உருண்டையின் மேல் ‘முட்டை’ அட்டையை இந்த வாரமே எடுத்துவிட்டு, அது என்ன என்பதைச் சரியாக எழுதி வையுங்கள்.

இவற்றுள் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்பதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் குறிப்பேட்டில் பதிவு செய்து, அதன் படியை உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால் காரணத்தையும் எழுதுங்கள்.

இங்ஙனம்,
சென்ற சுற்றுலாவில் பங்கேற்ற உறுப்பினர் ஒருவர்